மாரிக்கால நடையும் நாயின் பாதங்களும்

யாழ்ப்பாணத்தில் குளிர்காலம் என்று சொல்லத்தக்க பருவம் எதுவும் கிடையாது. ஐப்பசி நடுப்பகுதியில் தொடங்கி மார்கழி கடைசிவரை நீளும் மாரியும், அதன் பின் தை, மாசி மாதங்களின் விடியற்புறங்களில் இறங்கும் பனியுமே எங்களுக்கு வாய்த்த குளிர். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் விழும் மழையின் பெரும்பங்கு இந்த இரண்டரை மாதத்துக்குள்ளேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. ஆகையால் நாயை நடத்திக்கொண்டு வெளியே செல்பவருக்கு இங்குள்ள கவலை உறைபனியன்று, ஈரம். சுண்ணாம்புக்கல்லின்மேல் படிந்த எங்கள் செம்மண் நீரை விரைவில் உள்வாங்கும் என்று பெயர்பெற்றதுதான்; ஆயினும் மதகுகள் தூர்ந்து, வெள்ளவாய்க்கால்களின்மேல் மதில்கள் எழும்பிவிட்ட இந்நாளில், ஒழுங்கைகளில் வெள்ளம் நாட்கணக்கில் தேங்கி நிற்பதைக் காண்கிறோம்.

மழைக்கும் குளிருக்கும் நாயின் பாதங்களை எப்படிப் பேணுவது என்று இணையத்தில் தேடினால், கிடைப்பவை பெரும்பாலும் பனிநாட்டுக் குறிப்புகளாகவே இருக்கின்றன. எங்களில் பலருக்குக் கனடாவிலோ நோர்வேயிலோ சுவிஸிலோ உறவினர் இருப்பதால் அக்குறிப்புகள் வாட்ஸ்அப் வழியாகவும் வந்து சேர்கின்றன. சில வீடுகளுக்குப் பொதியில் நாய்ச் சப்பாத்துகளும் வந்து சேர்கின்றன. அவற்றுள் எது எங்கள் மண்ணுக்குப் பொருந்தும், எது பொருந்தாது, எது தீங்கே செய்யும் என்பதைப் பிரித்துச் சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

முதலில் பாதத்தைப் பார்ப்போம். நாயின் முன்காலைத் தூக்கி உள்ளங்காலைத் திருப்பினால், நான்கு விரல்களுக்கும் நான்கு சிறு மெத்தைகளும், அவற்றின் பின்னால் முக்கோணம் போன்ற பெரிய மெத்தையொன்றும், இன்னும் மேலே மணிக்கட்டின் பின்புறத்தில் தனித்து நிற்கும் சிறு முண்டொன்றும் தென்படும். உட்புறத்தில் சற்று உயரமாக, நிலத்தைத் தொடாத பெருவிரலும் அதன் நகமும் இருக்கும். மெத்தையின் மேற்றோல்தான் நாயின் உடலிலேயே தடிப்பான தோல். தொட்டால் சொரசொரப்பாக இருக்கும், அதன் அடியில் அதிர்ச்சியைத் தாங்கும் கொழுப்பு இருக்கும். நாய்க்குரிய வியர்வைச் சுரப்பிகளில் முக்கியமானவையும் இங்கேதான் உள்ளன. ஆனால் விரல்களை மெல்ல விரித்து இடுக்கைப் பார்த்தால், அங்குள்ள தோல் வெங்காயச் சருகைப் போல மெல்லியதாக இருப்பது தெரியும். மெத்தையைப் பற்றிக் கவலைப்படும் பலர் இந்த இடுக்கைப் பார்ப்பதே இல்லை. மாரிக்காலத்துத் தொல்லைகளில் பெரும்பாலானவை தொடங்குவது மெத்தையில் அல்ல, இங்கேதான்.

ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் வசிக்கும் என் அக்காவிடம் கோல்டன் ரிற்றீவர் நாயொன்று உண்டு. அங்கே மார்கழி பிறந்தால், நகரசபை வண்டிகள் வீதிகளில் உப்பைத் தூவிக்கொண்டு போகும். வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே ஒன்பது, பத்துப் பாகைக்கு அப்பால் இறங்கினால் சாதாரண உப்பாகிய சோடியங்குளோரைட்டு பனியை உருக்குவதில் மந்தமாகிவிடும் என்பதால், கல்சியங்குளோரைட்டு முதலியவற்றையும் பயன்படுத்துவார்கள். கல்சியங்குளோரைட்டு நீரிற் கரையும்போது வெப்பத்தை வெளிவிடும் தன்மையுடையது. அதன் துகள்கள் விரலிடுக்கில் அகப்பட்டால் தோல் எரிந்து சிவந்துபோகும். எரிச்சல் பொறுக்காமல் நாய் காலை நக்க, உப்பு வயிற்றுக்குள் போய் வாந்தியும் வயிற்றோட்டமும் உண்டாகும். அளவு மிஞ்சினால் இரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்புவரை கொண்டுபோய்விடும். வாகனங்களிலிருந்து ஒழுகும் உறைதடுப்புத் திரவத்திலுள்ள எதிலீன் கிளைக்கோல் இன்னும் கொடியது. இனிப்பாக இருப்பதால் நாய் விரும்பி நக்கும், நக்கிய சிறிதளவே சிறுநீரகங்களைப் பழுதாக்கப் போதும். இவை போதாவென்று, நீண்ட மயிருள்ள நாய்களின் விரல்களுக்கிடையே பனி திரண்டு உருண்டையாகி, அடியெடுத்து வைக்கும் ஒவ்வொரு முறையும் தோலை நெரிக்கும். ஆகவேதான் அக்கா தன் நாயின் விரலிடுக்கு மயிரை ஒட்ட வெட்டி, தேன்மெழுகு கலந்த களிம்பைப் பூசி, சப்பாத்தும் மாட்டி வெளியே கொண்டு செல்கிறார்; வீடு திரும்பியதும் இளஞ்சூட்டு நீரில் நான்கு கால்களையும் அலசி, அடிவயிற்றையும் துடைத்துவிடுகிறார்.

இதில் கவனிக்க வேண்டியது, அங்கேயும் குளிர் மட்டும் எதிரியல்ல என்பதுதான். நாயினத்தின் பாதம் குளிரைத் தாங்குவதற்கென்றே அமைந்தது. 1972 இல் வெளியான ஆய்வொன்றில், பூச்சியத்துக்குக் கீழே 35 பாகை குளிரான திரவத்தில் ஓநாயினதும் ஆட்டிக் நரியினதும் பாதங்களை வைத்துப் பார்த்தபோது, பாதத்தின் வெப்பநிலை இழையங்கள் உறையும் நிலைக்குச் சற்று மேலேயே நின்றது. வீட்டு நாயின் மெத்தைக்குள் நாடிகளும் நாளங்களும் நெருக்கமாகப் பின்னியிருப்பதால், உடலிலிருந்து வரும் சூடான இரத்தம், திரும்பிப் போகும் குளிர்ந்த இரத்தத்தைச் சூடாக்கியே அனுப்புகிறது என்பதை யப்பானிய ஆய்வாளர்கள் 2011 இல் விளக்கினார்கள். குளிர்நாடுகளில் பாதப் பராமரிப்பு என்பது முதன்மையாக உப்பையும் பனிக்கட்டியையும் கழுவி நீக்குவதுதான். இங்கே உப்புக்குப் பதிலாக என்னென்ன ஒட்டுகின்றன என்று கேட்டுப் பார்த்தால், எங்கள் வேலை எது என்பது தெரிந்துவிடும்.

சப்பாத்தைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். சப்பாத்துக்குரிய இடம் உண்டு. அலாஸ்காவில் 1973 முதல் நடைபெற்றுவரும் இடிற்றறொட் சறுக்குவண்டி ஓட்டத்தில், ஒவ்வொரு நாய்க்கும் எட்டுப் பாதவுறைகளை வைத்திருக்க வேண்டும் என்பது விதி; ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர் தூரம் பனியில் ஓடும் நாய்களுக்கு அது தேவைதான். கோண்டாவில் ஒழுங்கையில் மாலை நடைக்குப் போகும் நாய்க்கு அது தேவையில்லை என்பதோடு, மழைநாளில் அது கெடுதியும் செய்யும். றப்பர் அடிப்பாகமுள்ள சப்பாத்துக்குள் மேற்புறமாக நீர் புகுந்தால் வெளியேற வழியில்லை. பாதம் முழுவதும் வெந்நீரில் ஊறியதுபோல் வெதுவெதுப்பான ஈரத்திலேயே கிடக்கும். எங்கள் மார்கழியிலும் பகல் வெப்பநிலை பெரும்பாலும் 28, 29 பாகையளவில் இருக்கும் என்பதை மறக்கக்கூடாது. அக்கா அனுப்பிய சப்பாத்துகளை நான் எறியவில்லை. காலில் கட்டுப் போட்டிருக்கும் வேளையில், சிறுநீர் கழிக்க முற்றத்துக்குக் கொண்டுபோகும் சில நிமிடங்களுக்கு மட்டும் அவற்றை மாட்டுவதுண்டு. அதற்குக்கூடச் சப்பாத்து அவசியமில்லை. கழுவி உலர்த்திய வெற்றுச் சேலைன் பையைக் குறுக்கே வெட்டி உறையாக மாட்டிவிட்டு, உள்ளே வந்ததும் கழற்றிவிட்டால் போதும்.

மெழுகுக் களிம்புக்கும் வாசலினுக்கும் இதே கதைதான். உலர்ந்த குளிரில் வெடிக்கும் மெத்தைக்கு அவை காப்பு. ஈரமான காற்றில், ஏற்கெனவே நனைந்து ஊறிய விரலிடுக்கில் அவற்றைப் பூசினால், நீரை உள்ளே வைத்து மூடுவதாகவே முடியும். மாரி ஓய்ந்து, தை பிறந்து, தரை காய்ந்து வீதிகள் கரடுமுரடாகத் தெரியும் நாட்களில், நீரில் ஊறி மென்மையான மெத்தை உராய்ந்து கன்றிப்போவதுண்டு. அப்போது மெத்தையின்மேல் மட்டும், இடுக்கில் படாமல், சிறிதளவு தேங்காயெண்ணெய் தடவுவதில் தவறில்லை. நாய் நக்கினாலும் அவ்வளவு எண்ணெய் ஒன்றும் செய்யாது.

பனிநாட்டுக் குறிப்புகளில் எங்களுக்கும் அப்படியே பொருந்துபவை, திரும்பி வந்ததும் கழுவுவதும், இடுக்கு மயிரை வெட்டுவதும், விரல் விரலாகப் பார்ப்பதும்தான். அவற்றோடு நாங்கள் சேர்க்க வேண்டியது உலர்த்துதல். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். கழுவிவிட்டு ஈரத்தோடு விடுவதைவிடக் கழுவாமலே விடுவது நல்லது என்றுகூடச் சில நாட்களில் எனக்குத் தோன்றுவதுண்டு. காய்ந்த செம்மண் தானாக உதிர்ந்துவிடும், தேங்கிய ஈரம் தானாகப் போகாது.

எங்கள் ஜிம்மி ஊர்நாய், குட்டை மயிர். ஆகவே வேலை எளிது. கிணற்றடிக் கல்லில் ஒரு வாளி நீரும், சிறு சட்டியொன்றும், இரண்டு பழைய துணிகளும் போதும். சட்டியில் ஒவ்வொரு காலாக வைத்து, விரல்களுக்கிடையே என் சுட்டுவிரலை விட்டு மண்ணைக் கரைத்துவிடுவேன். சவர்க்காரம் நாள்தோறும் வேண்டியதில்லை. வெறும் நீரே போதும். பிறகு காலை முதல் துணியால் பொத்திப் பிடித்து நீரை ஒற்றியெடுத்துவிட்டு, இரண்டாவது, உலர்ந்த துணியின் நுனியைத் திரித்து, முதலாம் இரண்டாம் விரல்களுக்கிடையே நுழைத்து அடிப்புறமாக இழுக்க வேண்டும். அடுத்து இரண்டாம் மூன்றாம் விரல்கள், அதற்கடுத்து மூன்றாம் நான்காம் விரல்கள். பெரிய மெத்தைக்கும் விரல் மெத்தைகளுக்கும் நடுவே வளைந்து போகும் பள்ளத்தைப் பலர் விட்டுவிடுவார்கள். செம்மண் குழம்பு ஒளிந்திருப்பது அங்கேதான். தேய்க்கக் கூடாது; தேய்த்தால் ஊறிய தோல் உரியும். இதற்குப் பழைய பருத்திச் சாரத்தை மிஞ்சிய துணி கிடையாது. கடையில் வாங்கும் தடித்த துவாய் விரலிடுக்கில் நுழையாது, புதிதாக இருந்தால் நீரையும் சரியாக உறிஞ்சாது. பக்கத்து வீட்டு மாமி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, “நாய்க்கும் கால் துடைச்சுவிடுற காலம் வந்திட்டுது, என்ன பிள்ளை?” என்று கேட்பா. அவவுடைய நாய் காலை நக்கிக்கொண்டே படுத்திருக்கும் காட்சி அதே மதிலுக்கு அப்பால் தெரிவதால் நான் பதில் சொல்வதில்லை.

அந்த நக்குதலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஈரத்தில் ஊறிய தோல் தன் காப்பை இழக்கும்போது, வழக்கமாக அதன்மேல் தீங்கின்றி வாழும் பற்றீரியாக்களும் மதுவம் போன்ற பூஞ்சைகளும் பெருகத் தொடங்கும். வயலில் நிற்பவர்களுக்கு வரும் சேற்றுப்புண்ணை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அரிப்பு வந்ததும் நாய் நக்கும். நக்கிய எச்சில் மேலும் ஈரமாக்கும். ஈரம் மேலும் அரிக்கும். வெண்மயிர் நாயாக இருந்தால் விரல்களைச் சுற்றிச் செம்பழுப்புக் கறை படிந்திருக்கும். அது மண்ணின் நிறமன்று. எச்சிலிலுள்ள போபிரின் என்னும் பொருள் ஏற்றிய கறை. கழுவியும் போகாத கறையைக் கண்டால், வீட்டார் காணாத நேரமெல்லாம் அந்த நாய் காலை நக்கிக்கொண்டிருக்கிறது என்று விளங்கிக்கொள்ளலாம். இடுக்கு சிவந்து, புளித்த மணம் வீசி, விரல்களுக்கிடையே கட்டிபோல் வீங்கினால் வீட்டு வைத்தியத்துக்குரிய காலம் கடந்துவிட்டது.

ஈரமண் வழியாகக் காலுக்குள் புகுபவையும் உண்டு. நாயின் கொழுக்கிப்புழுக்களின் குடம்பிகள் வெதுவெதுப்பான, நிழலான, ஈரமான மண்ணில் வளர்ந்து, நடந்து போகும் பாதத்தின் தோலைத் துளைத்தே உடலுக்குள் செல்லக்கூடியவை. எங்கள் மாரிக்கால வளவுகள் அவற்றுக்கென்றே செய்து வைத்தவை. 1911 இல் இலங்கையிலிருந்து கிடைத்த மாதிரியைக்கொண்டு அங்கிலோஸ்டோமா சிலானிக்கம் என்று பெயரிடப்பட்ட இனமும் இவற்றுள் ஒன்று; அது மனிதரின் குடலிலும் வளரக்கூடியது. விரலிடுக்குச் சிவப்பும் அரிப்பும் சிலவேளை இந்தக் குடம்பிகள் நுழைந்த அடையாளமாகவே இருக்கும். குட்டிகளில் இப்புழுக்கள் இரத்தத்தை உறிஞ்சி உயிரையே எடுத்துவிடும். ஆகவே மாரி தொடங்குமுன் பூச்சிமருந்து கொடுப்பதும், வளவிலுள்ள மலத்தை அன்றன்றே அள்ளிப் புதைப்பதும் பாதப் பராமரிப்பின் பகுதிகளே. வெறுங்காலோடு முற்றத்தில் விளையாடும் பிள்ளைகள் உள்ள வீட்டில் இரட்டிப்பாக.

எலிக்காய்ச்சல் இன்னொன்று. 2024 கார்த்திகைக் கடைசியில் பெய்த பெருமழைக்குப் பின்னர், மார்கழியில் வடமராட்சி முதலிய பகுதிகளில் அது பரவி உயிர்களைப் பறித்ததும், தோட்டத்திலும் வயலிலும் இறங்குபவர்களுக்குச் சுகாதாரத் துறையினர் தடுப்பு மாத்திரை வழங்கியதும் எல்லாருக்கும் நினைவிருக்கும். லெப்ரோஸ்பைரா என்னும் அந்தக் கிருமி எலி முதலிய விலங்குகளின் சிறுநீரோடு வெள்ளத்தில் கலந்து, வெட்டுக்காயத்தின் ஊடாகவும் ஊறிய தோலின் ஊடாகவும் உட்புகும். மனிதரின் பாதத்துக்குச் சொன்னதெல்லாம் நாயின் பாதத்துக்கும் பொருந்தும். நோய் தொற்றிய நாய் தன் சிறுநீரில் கிருமியை வெளியேற்றி, வீட்டாருக்கும் கொடுக்கக்கூடும். நாய்களுக்குரிய கூட்டுத் தடுப்பூசிகள் பலவற்றில் இதற்கான பகுதியும் உண்டு. முதன்முறை சில வார இடைவெளியில் இரண்டு தடவை, அதன்பின் ஆண்டுதோறும் என்பது வழக்கம். விசர்நாய்க்கடித் தடுப்பூசி போட்டாயிற்று, அதுபோதும் என்று இருப்பவர்கள், மிருக வைத்தியரிடம் இதையும் கேட்டுப் போட்டுக்கொள்வது நல்லது. வெள்ளத்தில் நடந்த நாயின் காலைக் கழுவும்போது, உங்கள் கையில் காயம் இருந்தால் கையுறை போடுங்கள்.

உண்ணிகளைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. எல்லார் வீட்டிலும் உள்ள சங்கதி. காதுக்குள் தேடுபவர்கள் விரலிடுக்கில் தேடுவதில்லை என்பதை மட்டும் சொல்லுகிறேன். சிறு உண்ணிகள் அங்கே கருமணிகளாக ஒட்டிக்கொண்டிருக்கும். நுனி மெல்லிய சாவணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்தெடுக்க வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றுவதும் நெருப்புக்குச்சியால் சுடுவதும் நாயைத்தான் சுடும். எர்லிக்கியா, பபேசியா ஆகிய இரத்த நோய்களை இவை கொண்டுவருவதால், உண்ணிகளை எடுத்த பின்னரும் நாய் சோர்ந்து, தீனை மறுத்தால் தாமதிக்கலாகாது.

இனி, உப்புக்கு ஈடாக எங்கள் மண்ணில் ஒட்டுவது எது என்ற கேள்விக்கு வருகிறேன். கோண்டாவில், இணுவில், உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன் என்று வலிகாமத்தின் செம்மண் ஊர்களில் நடப்பவர்கள், தோட்ட வரம்புகளையே நடைபாதையாகக் கொள்கிறார்கள். மழை சற்று ஓய்ந்ததும் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் மரக்கறிக்கும் மருந்தடிப்பது வழக்கம். பூஞ்சை வந்துவிடும், பூச்சி வந்துவிடும் என்ற அச்சம் தோட்டக்காரருக்கு உண்டு, அதில் நியாயமும் உண்டு. அடித்த மருந்து இலையில் மட்டுமல்ல, வரம்பின் ஈரப் புல்லிலும் படிகிறது. அந்தப் புல்லில் நடந்த நாய் வீட்டுக்கு வந்து விறாந்தையில் படுத்து, ஆறுதலாகத் தன் காலை நக்குகிறது. ஸ்காபரோ உப்பைப் போலவே இங்கும் பாதம் என்பது வாய்க்குப் போகும் வழி. பூச்சிமருந்துகளுள் சில வகைகள் நரம்பைத் தாக்குபவை. அவை உட்சென்றால் வாயில் நுரை தள்ளும், கண்ணீர் வடியும், தசைகள் துடிக்கும், கால்கள் தள்ளாடும். அவ்வேளையில் உப்புநீர் பருக்கி வாந்தியெடுக்க வைக்க முயலாமல், பாதங்களைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, முடிந்தால் தோட்டக்காரரிடம் மருந்தின் பெயரைக் கேட்டுக்கொண்டு வைத்தியரிடம் ஓட வேண்டும். நான் மருந்தடித்த மணம் வீசும் நாட்களில் தோட்டப் பக்கம் போவதே இல்லை. அயலிலுள்ள தோட்டக்காரர் ஒருவர், எப்போது அடிக்கப் போகிறார் என்பதை முதல்நாளே சொல்லிவிடுவார். கேட்டால் பெரும்பாலானோர் சொல்வார்கள்.

காயங்களில் எங்களூருக்கென்று சில வகைகள் உண்டு. மாரியில் புல்லும் பற்றையும் வளர்ந்து எல்லாவற்றையும் மூடிவிடுவதால், கோடையில் கண்ணுக்குத் தெரிந்த பழைய முள்ளுக்கம்பியும், உடைந்த போத்தலும், வடலிப் பற்றையில் விழுந்து கிடக்கும் பனைமட்டையின் கருக்கும் அப்போது தெரியாது. கருக்கு வெட்டிய காயம் மேலே சிறிதாகவும் உள்ளே ஆழமாகவும் இருக்கும். கீரிமலை, மாதகல் பக்கக் கரையோரங்களில் முருகைக்கல் மெத்தையைக் கீறிவிடும். கடல்நீர் பட்டால் எரியும், எரிந்தால் நாய் நக்கும், ஆகவே நன்னீரால் அலசியே வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். இரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து ஐந்து, பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். இடையில் எடுத்தெடுத்துப் பார்த்தால் நிற்காது. பிறகு உள்ளே முள்ளோ கண்ணாடியோ இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து, பொவிடோன் அயடீனை இளம்பழுப்பு நிறம் வரும்வரை நீரிற் கலந்து கழுவலாம். கட்டுப் போடுவதானால் விரல்களுக்கிடையே பஞ்சு வைத்துத் தளர்வாகப் போட வேண்டும், நனைந்தால் உடனே மாற்ற வேண்டும். நனைந்த கட்டு, கட்டேயில்லாத காயத்தைவிடக் கேடானது. எவ்வளவு சாதுவான நாயும் நோவில் கடிக்கும் என்பதால், ஒருவர் தலையைப் பிடித்திருக்க மற்றவர் காலைப் பார்ப்பதே முறை.

டெற்றோலை அப்படியே ஊற்றுவது எங்கள் வீடுகளில் அதிகம். அது ஊறிய தோலைப் புண்ணாக்கும். நாய் நக்கினால் வாயும் வயிறும் எரியும். மஞ்சளும் வேப்பெண்ணெயும் அவ்வளவு தீங்கில்லாதவை, ஆனால் எண்ணெய்ப் பூச்சு ஈரக்காயத்தில் மண்ணை ஒட்டவைக்கும் என்பதால் எனக்கு அதில் விருப்பமில்லை. நொண்டும் நாய்க்குப் பனடோல் கொடுப்பதுதான் மிகவும் ஆபத்தானது. பரசிற்றமோல் நாயின் ஈரலையும் இரத்தத்தையும் பாதிக்கக்கூடியது, ஐபுபுரூபன் வயிற்றையும் சிறுநீரகத்தையும் அதைவிடக் கடுமையாகத் தாக்கும். மனிதருக்குரிய எந்த நோவு மாத்திரையையும் வைத்தியரைக் கேளாமல் கொடுக்கக்கூடாது.

நகங்களை மாரியில் மறந்துவிடுகிறோம். நடை குறைவதாலும், தார் வீதியைவிடச் சேற்றில் நடப்பது கூடுவதாலும் நகம் தேயாமல் வளரும். நீண்ட நகம் விரலைப் பக்கவாட்டில் தள்ளி இடுக்கை நெரிக்கும். நிலத்தைத் தொடாத அந்தப் பெருவிரல் நகம் வளைந்து தசைக்குள் ஏறுவதையும் கண்டிருக்கிறேன். நகத்தினுள் ஓடும் இரத்தக்குழாயை வெட்டாமல், நுனியை மட்டும் சிறிது சிறிதாக எடுக்க வேண்டும். கறுப்பு நகத்தில் அது தெரியாதென்பதால் இன்னும் குறைவாக. தப்பித்தவறி இரத்தம் வந்தால் படிகாரத் தூளை அழுத்தினால் நின்றுவிடும்.

நடக்கும் நேரத்தையும் பாதையையும் மாற்றிக்கொள்வதால் பாதி வேலை குறையும். வெள்ளம் நிற்கும் ஒழுங்கையைத் தவிர்த்து, மேடான பிரதான வீதியோரத்தைப் பிடித்து, கயிற்றைக் குட்டையாக வைத்துக்கொள்வது என் வழக்கம். இருட்டிய பின் போவதானால் ரோச் வெளிச்சம் கட்டாயம்: புற்றுகளிலும் பொந்துகளிலும் வெள்ளம் புகுந்ததும் பாம்புகள் மேட்டுக்கு ஏறிவிடும், சுருட்டையும் புடையனும் குடாநாட்டில் குறைவில்லை. நடந்து வந்த நாயின் ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, தொடவிடாமல் கத்தினால், முள்ளைத் தேடி நேரத்தைக் கழிக்காதீர்கள். கட்டவும் கீறவும் வேண்டாம். விசமுறிப்பு மருந்து உள்ள மிருக வைத்தியரை முதலில் தொலைபேசியில் அழைத்துக் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். வேறு நொண்டலானால் ஒருநாள் ஓய்வில் விட்டுப் பார்க்கலாம். அடுத்த நாளும் காலை ஊன்றாவிட்டாலோ, இடுக்கில் சீழ் கண்டாலோ, நான்கு கால்களிலும் ஒரேயடியாகச் சிவப்பு இருந்தாலோ காட்டியே ஆக வேண்டும். அரச கால்நடை வைத்திய அலுவலகங்களில் காலையில் போனால் வைத்தியரைக் காண்பது எளிது. பிற்பகலில் அவர்கள் மாடு பார்க்க ஊருக்குள் போய்விடுவதுண்டு.